உள்மூச்சில் பேசிய அக்கா

டப்பிங் தியேட்டரில் கூட்டக்குரல் கொடுப்பவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நாலு பேர அனுப்புங்க" என்பார்கள், நாலு பேர் வருவார்கள். சந்தை என்றால் இரைவார்கள், கலவரம் என்றால் கத்துவார்கள், வேலை முடிந்ததும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போவார்கள். அந்த நாலு பேரில் ஒருவராகத்தான் அக்கா முதன்முதலில் என் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். நான் ஒலிப்பதிவாளன், இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலிக்கு இரண்டு தடவை உறை மாற்றிவிட்டார்கள், எனக்குத்தான் இன்னும் ஒன்றும் செய்யவில்லை.

அப்போது எங்கள் கம்பெனி ஒரு விண்வெளித் தொடர் ஆரம்பித்திருந்தது. எங்கோ ஒரு கிரகம், அதில் மூன்று வகை மனிதர்கள். நெட்டையர், செதிள்காரர், குட்டையர். மூன்று பேருக்கும் ரப்பர் முகமூடி. முகமூடிக்குள்ளிருந்து நடிகர்கள் பேசினால் கிணற்றுக்குள் பேசுவதுபோல் கேட்கும் என்பதால், எல்லாக் குரலையும் பிறகுதான் சேர்ப்போம். முதல் நாள் இயக்குநர் மைக்கைத் தட்டி, "ஏதாவது உளறுங்க, யாருக்குப் புரியப்போகுது" என்றார். மூன்று பேர் உற்சாகமாக லபலபவென்று ஆரம்பித்தார்கள். அக்கா மட்டும் வாயைத் திறக்காமல் நின்றார்.

"ஏன்கா, தொண்ட சரியில்லையா?" என்று கேட்டேன்.

"தொண்ட நல்லாத்தான் இருக்கு தம்பி. என்ன சொல்றேன்னு எனக்கே தெரியாம வாய் வர மாட்டேங்குது."

"அப்போ தெரிஞ்சுக்கிட்டு நாளைக்கு வாங்க" என்றார் இயக்குநர். அவர் குத்தலாகத்தான் சொன்னார். அக்கா அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். மறுநாள் எண்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றோடு வந்தார். அதில் நெட்டையர் மொழி ஆரம்பமாகியிருந்தது.

மொழி செய்கிறவர்கள் எப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்கா முகமூடியைப் பார்த்துச் செய்தார். ஒப்பனை அறைக்குப் போய் மூன்று முகமூடிகளையும் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, உதட்டை அழுத்திப் பார்த்தாராம். நெட்டையர் முகமூடியின் உதடு தடித்த ரப்பர், எவ்வளவு அமுக்கினாலும் மூடாது. அதனால் அவர்கள் பேச்சில் ப, ம, வ மூன்றும் கிடையாது. "அம்மான்னு கூப்பிட முடியாத ஜனம் தம்பி, பாவம். ஆனா வேற ஏதாவது சொல்லிக் கூப்பிடத்தானே செய்வாங்க" என்று அதற்கும் ஒரு சொல் வைத்தார். குட்டையருக்கு முகமூடியில் வாயே இல்லை. அவர்கள் மூக்கால் முனகினார்கள், ஏற்ற இறக்கத்திலேயே எல்லாம் சொன்னார்கள். செதிள்காரர்களுக்குக் கழுத்தில் செவுள். நடிகர் மூச்சை உள்ளே இழுத்தால்தான் அது விரியும். ஆகவே அவர்கள் மூச்சை வெளியே விடும்போது பேசமாட்டார்கள், உள்ளே இழுக்கும்போதுதான் பேசுவார்கள். அப்படிப் பேசிப் பாருங்கள், இரண்டு வரிக்குள் இருமல் வரும். அக்கா பக்கம் பக்கமாகப் பேசினார்.

இதோடு விட்டாரா என்றால் இல்லை. கடலோரச் செதிள்காரர்களும் ஆற்றின் மேல்பக்கத்துச் செதிள்காரர்களும் கதைப்படி முந்நூறு வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள். அவர்கள் ஒரே மாதிரி பேசக்கூடாது என்று ஒரு நாள் பதிவையே நிறுத்திவிட்டார். பெரிய முதலாளி இறங்கி வந்தார்.

"ஒரு கிரகத்துக்கு ஒரு மொழி போதாதாம்மா?"

"எங்க தெருவுலயே ரெண்டு மொழி பேசுறாங்க சார். தெரு மொத்தமே நூறடி."

பெரிய முதலாளி என்னைப் பார்த்தார். நான் கன்சோலில் இல்லாத தூசியைத் துடைத்தேன். "என்னவோ பண்ணுங்க, நேரத்துக்கு முடிங்க" என்று போய்விட்டார். அப்படி நாலு மொழி ஆயிற்று. பதினோரு வருஷத்தில் பதினோரு நோட்டு. சந்தையில் பின்னால் நிற்கிற, படத்தில் அரை நொடி தெரிகிற ஒருத்திகூட ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் இருப்பாள். பேரம் பேசுவாள், கொழுந்தனைத் திட்டுவாள். யாருக்கும் தெரியாது. அக்காவுக்குத் தெரியும், அது போதும் அவருக்கு.

அவர் வீட்டுக்கு நான் இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். இரண்டு அறை, ஒரு சமையலறை, ஃப்ரிட்ஜ் மேல் நோட்டுகள். அடுப்படியில் நின்று உள்மூச்சில் பேசிப் பழகுவார். பக்கத்து வீட்டம்மா அதை ஆஸ்துமா என்று முடிவு கட்டி, மாதாமாதம் ஒரு கஷாயம் கொண்டுவந்து கொடுப்பார். அக்காவும் வாங்கிக் குடித்துவிடுவார், மனசு நோகக்கூடாது என்று. அவர் வீட்டுக்காரர் பஸ் கம்பெனியில் நேரம் குறிக்கிற வேலையில் இருந்தார், தங்கமான மனுஷன். பதினோரு வருஷத்தில் செதிள்காரர் மொழியில் அவர் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வாக்கியம், "வெந்நீர் கொதிச்சிடுச்சு." அதையும் தப்பாகத்தான் சொல்வார். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் பதிவு செய்து வைக்கவில்லை.

போன வருஷம் கதையில் ஒரு சாவு வந்தது. கடலோரச் செதிள்காரப் பெண்ணொருத்தி இறந்துபோன தன் சின்ன மகளைத் தண்ணீரில் விடுகிறாள். மூன்று நிமிஷம், வேறு சத்தமே இல்லை, அவள் புலம்பல் மட்டும். பின்னால் நின்று இரைகிற அக்காவுக்கு முதன்முறையாக முன்னால் நின்று பேச ஒரு காட்சி. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினார். ஒரு நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, எனக்கு மட்டும் சொல்லிக் காட்டினார். முதலில் அந்த மொழியில், பிறகு நம் பேச்சில். நான் சுலபத்தில் கலங்குகிற ஆள் இல்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரிய முதலாளி ஓய்வெடுத்துக்கொள்ள, சின்ன முதலாளி வந்தார். நல்ல பிள்ளை. அதுதான் பிரச்சினை. கெட்டவனாக இருந்தால் மனசுக்குள் திட்டியாவது ஆறியிருப்பேன். குரல் செய்கிற எந்திரம் ஒன்றைக் கம்பெனிக்குக் கொண்டுவந்தார். என்னை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார்.

"அந்தம்மாவோட பதினோரு வருஷ ரெக்கார்டிங் நம்மகிட்ட இருக்குல்ல சார். அதை மொத்தமா இதுக்குக் குடுத்துட்டா, இனிமே அவங்க அலைய வேண்டாம். அவங்க குரல்லயே எவ்வளவு வேணும்னாலும் பேசும்."

கையெழுத்தெல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் எல்லோரும் போடுகிற கையெழுத்து, அதற்கு மேலே பொடி எழுத்தில் எல்லாம் எழுதியிருந்தது. அக்காவிடம் நான்தான் சொன்னேன். அழுவார், சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"என்ன பேசும்?"

மறுநாள் ஒரு துணிப்பையில் பதினோரு நோட்டையும் கொண்டுவந்தார். "குரல் போனா போகட்டும் தம்பி, நம்ம குரல் என்ன பெரிய குரல். ஆனா அது பேசுறது பேச்சா இருக்கணும். இதையும் சேர்த்துக் குடுத்துடுங்க. புலம்பல் கடைசி நோட்டுல இருக்கு, அடையாளத்துக்குத் தாள் வெச்சிருக்கேன்."

பையைச் சின்ன முதலாளியிடம் கொண்டுபோனேன். ஒரு நோட்டைப் புரட்டி, "அழகா இருக்கு கையெழுத்து" என்றார். "ஆனா எந்திரம் சத்தத்தத்தான் சார் கத்துக்கும். அர்த்தம் அதுக்கு வேண்டாம்."

நான் வாதாடியிருக்கலாம். எத்தனையோ அற்ப விஷயத்துக்கு, ஏ.சி. குளிருக்கு, டீயில் சர்க்கரைக்கு, வாதாடியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு என் நாற்காலிதான் கண்ணில் தெரிந்தது. அடுத்த எந்திரம் என் வேலைக்கு வரும் என்று பயம். பையை என் காலடியில் கன்சோலுக்குக் கீழே தள்ளி வைத்தேன். சாயங்காலம் அக்கா போன் செய்து, "குடுத்தீங்களா?" என்று கேட்டார். "குடுத்துட்டேன்கா" என்றேன்.

பதிவுகளை மட்டும் கொடுத்தேன். கொடுத்ததிலும் என் பெருமை வேறு. எந்த ஸ்டுடியோவிலும் இவ்வளவு சுத்தமாக அடுக்கியிருக்கமாட்டார்கள். செதிள், சந்தை என்று நானூற்றுச் சொச்சம் துண்டு. செதிள், சண்டை என்று எண்பது. செதிள், அழுகை என்று ஆறே ஆறு, அந்த ஆறும் சொல்லில்லாத விம்மல். சந்தை செட் மட்டும்தான் பிரிக்காமல் வைத்திருந்தார்கள், அதனால் எந்தக் கதையானாலும் சந்தைக்குப் போய்விடுவார்கள். அது எதில் போய் முடியும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு திங்கள்கிழமை காலை பன்னிரண்டு நாற்காலி போட்ட சின்ன அறையில் அந்தப் பகுதியைப் போட்டுக் காட்டினார்கள். அக்காவையும் கூப்பிட்டிருந்தார் சின்ன முதலாளி, மரியாதையாக. அக்கா தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். தான் எழுதியது தன் குரலிலேயே வரப்போகிறது என்றுதான் நினைத்திருந்தார். அந்தத் தாய் தண்ணீரில் இடுப்பளவு நின்றாள். குரல் எழுந்தது. பொய் சொல்லக்கூடாது, என் அனுபவத்தில் அப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்லை. உள்மூச்சு ஒவ்வொன்றும் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு போயிற்று. சின்ன முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இயக்குநர் எழுந்து சுவரோரம் போய் நின்றார். அக்கா மட்டும் போனில் லைன் சரியில்லாதபோது கேட்பதுபோல முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே தண்ணீர் கேன் பக்கத்தில் நின்று, "என்னக்கா?" என்றேன்.

"எஹூ ரிஹா, தோரு ரிஹா, கனோ ஸெ" என்றார், நாம் பேசுவதுபோல் வெளிமூச்சில், மெதுவாக. "உப்பு மூட்ட. இன்னொரு மூட்ட. கதவ சாத்து. இதத்தான் திருப்பித் திருப்பிச் சொல்றா. ஏழாவது வருஷம் சந்தைக்கு நான் பேசினது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நொடிதான். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

"புள்ளையத் தண்ணில விட்டுட்டு நின்னு உப்பு மூட்ட எண்ணுறா தம்பி. என் குரல்ல எண்ணுறா." பிறகு கேட்டார், "நோட்டக் குடுத்தீங்கதானே?"

நான் தண்ணீர் கேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

அந்தப் பகுதி ஓடு ஓடென்று ஓடியது. பார்த்தவர்கள் எல்லாம் அழுதார்கள். புலம்பலை வெட்டி எடுத்துப் போனில் வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் யாரோ அதைப் போட்டுக் கேட்டுக் கண்கலங்க, அக்கா அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மீதி தூரம் நடந்தே வந்தாராம். இதை அவர் வீட்டுக்காரர்தான் எனக்குப் போனில் சொன்னார். "முன்னெல்லாம் வாய் ஓயாது தம்பி. இப்போ அடுப்படியில சத்தமே இல்ல. நான் வேணும்னே வெந்நீர் கொதிச்சிடுச்சுன்னு தப்பாச் சொல்லிப் பார்த்தேன். திரும்பக்கூட இல்ல." அவர் குரல் உடைந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு லாரி மெக்கானிக் வாசலில் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும், நகக்கண்ணில் கிரீஸ். அந்தப் புலம்பலைப் பேசிய அம்மாவைப் பார்க்க வேண்டும், ஒரே ஒரு கேள்வி என்றார். வாட்ச்மேன் இரண்டு நாள் விரட்டினார். மூன்றாவது நாளும் வந்து நின்றதால் நான் அக்காவுக்குப் போன் செய்தேன். வருவார் என்று எதிர்பார்க்கவில்லை, வந்தார். படியேறும்போது என்னிடம் தெளிவாகச் சொன்னார்.

"அதுல ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிடப்போறேன். ஒரு ஆளுக்காவது உண்மை தெரியட்டும்."

பதிவு அறையில் மூன்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். மெக்கானிக் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். எட்டு வயது மகளாம். தொடரை அவர் மடியில் உட்கார்ந்துதான் பார்ப்பாளாம். செதிள்காரர் மாதிரி உள்மூச்சில் பேசிப் பேசி விக்கல் வரவைத்துக்கொள்வாளாம். நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். போய்விட்டாள். அடுத்த வாரம் இந்தப் பகுதி வந்தது.

"எனக்கு அழவே வரலம்மா. எல்லாரும் அழுறாங்க, நான் மரம் மாதிரி நிக்கிறேன். இதக் கேட்டப்புறம்தான் வந்துச்சு. மனப்பாடம் பண்ணிட்டேன். தெனம் காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அவளப் பொதச்ச எடத்துல போய்ச் சொல்லிட்டுத்தான் போறேன்."

சொல்லிக் காட்டினார். முழு மூன்று நிமிஷம், உள்மூச்சிலேயே, ஒரு இடத்திலும் இருமாமல். எஹூ ரிஹா, தோரு ரிஹா, கனோ ஸெ. ஒவ்வொரு சொல்லும் நோட்டில் இருக்கிற மாதிரியே சுத்தமாக விழுந்தது. அக்காவைத் தவிர அந்த மொழியை அவ்வளவு சரியாகப் பேசிய ஆள் அவர் ஒருவர்தான். அக்காவின் கை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"அர்த்தம் தெரியாமயே சொல்லிட்டு இருக்கேன்மா" என்றார் மெக்கானிக். "அவகிட்ட என்ன சொல்றோம்னு தெரியாமச் சொல்றது தப்பா இருக்கு. அதான் கேக்க வந்தேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அக்கா தலையை நிமிர்த்தி, நிதானமாகச் சொன்னார்.

"நீ மொத மொத தண்ணில எறங்கின அன்னிக்கு நான் உன் பின்னாடியே எறங்கினேன். இன்னிக்கு நீ எறங்குற, என்னய வர விட மாட்டேங்கறாங்க. உன் பங்கு மூச்ச எங்கிட்டயே விட்டுட்டுப் போறியே, இத வெச்சு நான் என்ன பண்ணுவேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, உன் பேரச் சொல்லித் தீர்க்கிறேன். தீர்ந்ததும் நானும் வரேன்."

அவர் மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியது அது. எனக்கு மட்டும் சொல்லிக் காட்டியது. உப்பு மூட்டைக்கு அர்த்தமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கி அடங்கியது.

"அப்போ நான் சரியாத்தான் சொல்லிட்டு இருந்திருக்கேன்" என்றார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "ஒண்ணே ஒண்ணு. இதுல மகள்னு எந்த வார்த்தைம்மா? அத மட்டும் தனியாச் சொல்லிக் கூப்பிடணும் போல இருக்கு. ரிஹா, ரிஹான்னு அடிக்கடி வருதே, அதுவா?"

ரிஹா என்றால் மூட்டை. எனக்கே தெரியும்.

"ஆமா" என்றார் அக்கா. "அதுதான்."

அவர் கைகூப்பிவிட்டுப் போனார். படியில் இறங்கும்போது சொல்லிக்கொண்டே போனது எங்களுக்குக் கேட்டது. மூச்சை உள்ளே இழுத்து, ரிஹா. ஒரு படி. ரிஹா.

என்னால் தாங்க முடியவில்லை. நான் செய்த காரியம் படியில் இறங்கிப் போகிறது. ஏதாவது பேச வேண்டும் என்று, "மகளுக்கு நீங்க வேற சொல்லு வெச்சிருந்தீங்கதானே அக்கா?" என்றேன்.

"வெச்சிருந்தேன்."

"என்ன சொல்லு?"

அக்கா ஸ்டூலை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"இனிமே அதச் சொல்லக்கூடாது தம்பி. சொன்னா, அவர் கூப்பிடுறது தப்பாயிடும்."